ஒரு புள்ளி நெருப்பு

சென்ற மாதம் என் நண்பர் ஒருவர் வீட்டுக்கு வந்திருந்தார். நல்ல மனிதர். நாலு புத்தகம் படித்தவர். நான் எழுதியவற்றில்கூட இரண்டைப் படித்தவர். மேஜைமேல் இருந்த ஒரு சின்னப் பெட்டியைப் பார்த்து, "இது என்ன, புது மாதிரி ரேடியோவா?" என்று விசாரித்தார்.

"இல்லை, ஸ்பாட் வெல்டிங் யந்திரம்" என்றேன்.

அவர் கையிலிருந்த காபி டம்ளர் பாதி வழியில் நின்றுவிட்டது. "வெல்டிங்கா! வீட்டிலேயா! எழுதிப் பிழைக்கிற மனுஷர், உமக்கு என்ன ஐயா இந்தத் தலையெழுத்து?"

அவர் போய்விட்டார். அந்தத் 'தலையெழுத்து' மட்டும் போகவில்லை. ஒரு மனிதன் தன் கையால் ஒரு தகட்டை இன்னொரு தகட்டோடு சேர்த்து ஒட்டினால், அது அவன் செய்த பாவத்தின் பலன் என்றல்லவா அந்தச் சொல்லுக்கு அர்த்தம்? இந்த அபிப்பிராயம் என் நண்பர் ஒருவருக்கு மட்டும் உரியதாக இருந்தால் நான் காகிதத்தை வீணாக்கியிருக்க மாட்டேன். நம்மில் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு உள்ள அபிப்பிராயம் அது. ஆகவே சண்டைக்கு வருகிறேன்.

சண்டைக்கு முன்னால் ஒரு வாக்குமூலம். அந்த யந்திரத்தை வாங்கும் ஆசை எனக்குத் தானாக வந்ததல்ல. கிளியனூரில் இருக்கும் என் சித்தப்பாவிடமிருந்து தொற்றிக்கொண்டது.

திண்டிவனத்திலிருந்து புதுச்சேரிக்கு பஸ்ஸில் போகிறவர்கள் கிளியனூரைக் கண்ணை மூடித் திறப்பதற்குள் தாண்டிவிடுவார்கள். கிழக்கே போனால் கழுவெளி ஏரி. 2021ஆம் ஆண்டு அதைப் பறவைகள் சரணாலயமாக அறிவித்தார்கள். அதற்கும் அப்பால், கடலோரமாக மரக்காணத்து உப்பளங்கள். சித்தப்பா தபால் இலாகாவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்ற மனிதர் என்ன செய்ய வேண்டும் என்று நம் சமூகம் ஒரு பட்டியல் வைத்திருக்கிறது. காலையில் நடை, பத்திரிகை, கோவில், பேரப்பிள்ளை, மூட்டுவலி. சித்தப்பா அந்தப் பட்டியலைத் தபாலில் திருப்பி அனுப்பிவிட்டார். கொல்லைத் தாழ்வாரத்தில் ஒரு பட்டறை வைத்துக்கொண்டார். திருப்புளிகள், குறடுகள், அரங்கள், ஒரு பழைய துவைக்கல், அதன்மேல் சாப்பாட்டு டப்பா அளவுக்கு ஒரு யந்திரம். அதிலிருந்து இரண்டு தடித்த கம்பிகள். அவற்றின் நுனியில் பேனாவைப் போல இரண்டு செப்புக் கோல்கள். காலால் அழுத்த ஒரு மிதிகட்டை. அவ்வளவுதான் பட்டறை.

சென்னையில் கம்ப்யூட்டர் கம்பெனியில் நல்ல சம்பளம் வாங்கும் அவருடைய பிள்ளைக்கு இது பிடிக்கவில்லை. "அப்பா, யாராவது பார்த்தால் நான் உங்களுக்குச் சோறு போடவில்லை என்று நினைப்பார்கள்" என்றான் ஒருநாள், என் எதிரிலேயே. சித்தப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "நினைக்கிறவன் வீட்டு மிக்ஸி கெட்டுப் போகட்டும், இங்கேதானே வருவான்!" என்றார்.

நான் போயிருந்த அன்று மாலை ஓர் அம்மாள் வந்தாள். உப்பளத்தில் வேலை செய்கிறவள். பாதங்களைப் பார்த்தாலே தெரிந்தது. உப்புத் தண்ணீரில் வெடித்து வெளுத்திருந்தன. உப்பளத்து வேலைக்கு வெயில் பெரிய எதிரி. தலைக்குமேல் சூரியன், காலுக்குக் கீழே வெள்ளை வெளேரென்ற உப்பு, இரண்டுக்கும் நடுவில் மனிதக் கண். அதனால் விடிவதற்கு வெகு முன்னாலேயே பாத்தியில் இறங்கிவிடுகிறவர்கள் உண்டு. இருட்டில் வரப்பு தெரிய வேண்டும்; பூச்சிபொட்டு கிடந்தால் தெரிய வேண்டும். அதற்காக நெற்றியில் கட்டிக்கொள்ளும் ஒரு சின்ன விளக்கு. அந்த விளக்கைத்தான் முந்தானையில் முடிந்துகொண்டு வந்திருந்தாள்.

"ஐயா, எரிய மாட்டேங்குது. கடையில குடுத்தேன். இதெல்லாம் ரிப்பேர் பண்ண முடியாது, தூக்கிப் போட்டுட்டு வேற வாங்கிக்கன்னுட்டாங்க."

"வாங்கி எத்தனை நாள் ஆச்சும்மா?"

"பொங்கலுக்கு வாங்கினதுங்க ஐயா."

சித்தப்பா திறந்து பார்த்தார். உள்ளே விரல் தடிமனுக்கு ஒரு லித்தியம் பேட்டரி. 18 மில்லிமீட்டர் குறுக்களவு, 65 மில்லிமீட்டர் நீளம் என்பதால் 18650 என்று எண்ணாலேயே அழைக்கப்படும் ரகம். அளந்து பார்த்தார்; அதற்கு உயிர் நன்றாகவே இருந்தது. அதன் தலையில் ஒட்டியிருந்த தகட்டுப் பட்டைதான் துருப்பிடித்து, தொட்டதும் பொடியாக உதிர்ந்தது.

"பார்த்தாயா? ஆள் சாகவில்லை. கைதான் ஒடிந்திருக்கிறது. கை ஒடிந்தவனைத்தான் சுடுகாட்டுக்கு எடுத்துப் போகச் சொல்கிறார்கள்" என்றார் என்னிடம்.

புதிதாக ஒரு நிக்கல் பட்டையை வெட்டினார், துருவைச் சுரண்டினார், பட்டையை வைத்து இரண்டு செப்புக் கோல்களையும் அழுத்தினார், மிதித்தார். 'டிக்' என்று ஒரு சத்தம், ஒரு சிறு பொறி. இன்னும் இரண்டு இடத்தில் 'டிக்', 'டிக்'. விளக்கு எரிந்தது. பத்து ரூபாய் கேட்டு வாங்கிக்கொண்டார். அவள் போனபிறகு, "இனாமாகவே செய்திருக்கலாமே" என்றேன். "இனாம் என்றால் அடுத்த தடவை வரக் கூச்சப்படுவாள். தூக்கி எறிந்துவிடுவாள்" என்றார்.

இதுதான் என் வழக்கின் முதல் சாட்சி. ஒரு நாள் கூலியில் பெரும்பகுதியைக் கொடுத்து அவள் புதிதாக வாங்க வேண்டியிருந்த விளக்கை, ஒரு டீயின் விலைக்குக் குறைவான ஒரு பட்டை காப்பாற்றிவிட்டது. அந்த இரண்டு விலைகளுக்கும் நடுவில் நிற்பது அறிவு ஒன்றுதான். அந்த அறிவைத்தான் நாம் 'தலையெழுத்து' என்கிறோம்.

அந்த 'டிக்'கில் என்ன நடந்தது என்று கொஞ்சம் பார்க்கலாம். பயப்படாதீர்கள், பாடம் நடத்தப் போவதில்லை. உங்கள் சமையலறைக்குப் போய் எவர்சில்வர் தூக்கின் காதையோ, மூடியின் கைப்பிடியையோ எடுத்துப் பாருங்கள். பிடி ஒட்டியிருக்கும் இடத்தில் மிளகு அளவுக்கு வட்ட வட்டமாகத் தழும்பு தெரியும். ஆணி கிடையாது, ஈயம் கிடையாது, பசை கிடையாது. ஆனாலும் இருபது வருஷம் சாம்பார் சுமந்தும் அது பிடுங்கிக்கொண்டு வருவதில்லை. அதுதான் ஸ்பாட் வெல்டிங். நீங்கள் ஏறிப் போகும் காரின் உடம்பில் அப்படிச் சில ஆயிரம் புள்ளிகள் இருக்கின்றன.

மின்சாரம் பாயும் பாதையில் எங்கே தடை அதிகமோ அங்கே சூடு அதிகம். செம்பு மின்சாரத்துக்கு ராஜபாட்டை. எவர்சில்வர் அதைவிடச் சுமார் 40 மடங்கு கரடுமுரடான பாதை. எல்லாவற்றையும்விட மோசமான இடம் இரண்டு தகடுகளும் தொட்டுக்கொள்ளும் இடைவெளி. செப்புக் கோல்களால் அழுத்தி, ஒரு கணம் பெருவாரியான மின்சாரத்தை விட்டால், செம்பு சும்மா இருக்கிறது. நடுவில் உள்ள ஒரு புள்ளி மட்டும் உருகி ஒன்றாகிவிடுகிறது. ஒரு மில்லிமீட்டர் இரும்புத் தகடுகள் இரண்டை ஒட்டச் சுமார் 8,000 ஆம்பியர் வேண்டும். உங்கள் வீட்டுக் குளிர்சாதனப் பெட்டிக்குப் போட்டிருக்கும் பெரிய பிளக் 16 ஆம்பியருக்குத்தான் செய்யப்பட்டது. ஆனால் 8,000 ஆம்பியரும் இரண்டு மூன்று வோல்ட்டில்தான் பாய்கிறது. அதுவும் வினாடியில் ஐந்தில் ஒரு பங்கு நேரம். சித்தப்பாவின் பட்டை காகிதத்தைப் போல மெல்லியது. அதற்கு ஆயிரம் ஆம்பியர் அளவும், வினாடியில் இருநூறில் ஒரு பங்கு நேரமும் போதும். அந்தச் சின்னப் பெட்டி மின்சாரத்தைச் சொட்டுச் சொட்டாகக் குடத்தில் சேர்த்து வைத்து, ஒரே கவிழ்ப்பாகக் கவிழ்க்கிறது.

இந்த உண்மையை உலகுக்குச் சொன்னவர்கள் யார் தெரியுமா? மின்சாரம் இரண்டு மடங்கானால் சூடு நான்கு மடங்காகும் என்று 1840ஆம் ஆண்டையொட்டிக் கண்டுபிடித்த ஜேம்ஸ் ஜூல் எந்தச் சர்வகலாசாலையிலும் பேராசிரியர் அல்ல. இங்கிலாந்தில் சால்ஃபோர்டு என்ற ஊரில் பீர் காய்ச்சும் குடும்பத்துப் பிள்ளை. வீட்டில்தான் சோதனை செய்தார். இன்று உலகமெங்கும் பாடப் புத்தகங்களில் ஆற்றலின் அளவைக்கு அவர் பெயர்தான். அடுத்தவர் எலிஹு தாம்ஸன். அமெரிக்காவில் பிலடெல்பியாவில் ஒரு ஹைஸ்கூலில் ரசாயனம் போதித்தவர். 1877இல் ஒரு கூட்டத்தில் கம்பிச்சுருள் ஒன்றை வழக்கத்துக்குத் தலைகீழாக இயக்கிக் காட்டும்போது, தொட்டுக்கொண்டிருந்த இரண்டு முனைகள் ஒட்டிக்கொண்டதைக் கவனித்தார். வேறொருவராயிருந்தால், "சனியன், கெட்டுப் போய்விட்டது" என்று பிய்த்துப் போட்டிருப்பார். தாம்ஸன் அதையே நினைத்துக்கொண்டிருந்து, 1886இல் மின்சாரப் பற்றவைப்புக்கு உரிமை பெற்றார். ஒருவருக்கு வீட்டுச் சோதனைக்கூடம், மற்றவருக்குப் பள்ளிக்கூடத்து மேஜை. இவர்கள் வீட்டுக்கும் ஒரு நண்பர் வந்து, 'உமக்கு என்ன ஐயா தலையெழுத்து?' என்று கேட்டிருப்பாரோ, என்னவோ!

வெளிநாட்டார் கதை வேண்டாம் என்றால் நம் கோயமுத்தூர் ஜி. டி. நாயுடு இருக்கிறார். 1893இல் கலங்கல் கிராமத்தில் பிறந்தவர். பள்ளிப்படிப்பு சொல்லிக்கொள்ளும்படி இல்லை. ஒரு வெள்ளைக்கார அதிகாரி ஓட்டிவந்த மோட்டார் சைக்கிளைப் பார்த்து ஆசைப்பட்டு, ஹோட்டலில் வேலை செய்து பணம் சேர்த்து, அதை வாங்கினார். வாங்கி என்ன செய்தார்? ஊர்கோலம் போனாரா? அக்கக்காகக் கழற்றிப் போட்டு, மறுபடி பூட்டினார். பிற்காலத்தில் அவர் நடத்திய பஸ்களும், 1937இல் கோவையில் உருவான மின்சார மோட்டாரும் அந்தக் கழற்றிய வண்டியிலிருந்து கிளம்பியவைதாம். இன்றைக்கு ஒரு பையன் வீட்டுக் கடிகாரத்தைக் கழற்றினால் என்ன செய்கிறோம்? முதுகில் ஒன்று வைத்து, "போய்ப் படிடா" என்கிறோம். எதைப் படிப்பது? ஜி. டி. நாயுடுவைப் பற்றிய பாடத்தை!

வருஷத்தில் ஒரு நாள் நமக்கு ஆயுத பூஜை வருகிறது. அன்றைக்கு மட்டும் சுத்தியலுக்குச் சந்தனம் வைக்கிறோம். குறட்டுக்குக் குங்குமம் வைக்கிறோம். பொரிகடலை நைவேத்தியம் செய்கிறோம். மறுநாள் அவற்றைப் பரண்மேல் போட்டுவிட்டு, அதே சுத்தியலைத் தினமும் பிடிக்கிறவனை வாசல் திண்ணையோடு நிறுத்திப் பேசுகிறோம். கருவிக்குக் கும்பிடு, கருவியைப் பிடித்த கைக்குக் கும்பிடு கிடையாது. உலகத்தில் வேறு எந்த நாட்டாராவது இவ்வளவு சாமர்த்தியமாகப் பக்தியையும் அவமரியாதையையும் ஒரே தட்டில் வைத்திருக்கிறார்களா என்பது சந்தேகம்தான்.

இந்த இடத்தில் ஒருவர் எழுந்து, "ஓகோ, எல்லோரும் கைத்தொழில் செய்யுங்கள் என்று பழைய பாட்டைப் பாட வந்துவிட்டீரா?" என்று கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்வி. 1953இல் ராஜாஜி முதலமைச்சராக இருந்தபோது, பள்ளிப் பிள்ளைகள் அரைநாள் படிக்கட்டும், மற்ற நேரம் வீட்டுத் தொழிலைக் கற்கட்டும் என்று ஒரு திட்டம் வந்தது. 'குலக்கல்வி' என்று பெயர் சூட்டித் தமிழ்நாடு அதை எதிர்த்தது. 1954இல் காமராஜர் வந்ததும் அது கைவிடப்பட்டது. எதிர்த்தவர்கள் பக்கமே நியாயம் இருந்தது. தச்சன் மகன் உளியும், குயவன் மகன் சக்கரமும், குமாஸ்தா மகன் பேனாவும் பிடிக்க வேண்டும் என்றால் அது கல்வி அல்ல, சிறை. நான் கேட்பது அதற்கு நேர் விரோதமானது. குமாஸ்தா உளியைப் பிடிக்கட்டும். தச்சன் மகள் கம்ப்யூட்டர் கம்பெனி நடத்தட்டும். எந்தக் கருவியும் எந்தக் கைக்கும் அந்நியம் இல்லை என்று ஆகட்டும். கிளியனூரில் ஓய்வு பெற்ற தபால்காரர் ஒருவர் செப்புக் கோலைப் பிடிப்பது எனக்குச் சந்தோஷமாக இருப்பதற்கு அதுவே காரணம். அது அவர் பிறப்போடு வந்த தொழில் அல்ல. அவராக விரும்பி, விரலைச் சுட்டுக்கொண்டு கற்றது.

இரண்டாவது எதிர்வாதம் என் மனைவியுடையது. ஆகையால் பலமானது. "ஆபத்தில்லையா?" என்கிறாள்.

ஆபத்துதான். அதை மறைக்கிறவன் அயோக்கியன். லித்தியம் பேட்டரி 1991இல் விற்பனைக்கு வந்தது. அதை உருவாக்கியதற்காக மூன்று விஞ்ஞானிகளுக்கு 2019இல் நோபல் பரிசும் கிடைத்தது. ஆனால் பரிசு வாங்கிய பண்டம் என்பதால் அது சாதுவாகிவிடாது. அதன் வயிற்றுக்குள் இரண்டு துருவங்களையும் பிரிக்கும் மெல்லிய பிளாஸ்டிக் திரை 130 டிகிரிக்கு அக்கம்பக்கத்தில் உருக ஆரம்பித்துவிடும். ஈயம் பற்றவைக்கும் சூட்டுக்கோலோ 350 டிகிரி. அதைக் கொண்டுபோய் அதன் தலையில் அரை நிமிஷம் வைத்துத் தேய்க்கிறவர்கள் இருக்கிறார்களே, அவர்களுக்காகத்தான் இந்தச் சின்ன யந்திரத்தைச் சிபாரிசு செய்கிறேன். இருநூறில் ஒரு வினாடியில் சூடு வந்து போய்விடுகிறது. உள்ளே இறங்க நேரமில்லை. ஆபத்தைக் குறைக்கிற கருவியைப் பார்த்து ஆபத்து என்று அலறுகிறோம். ஆபத்தான வேலையைப் பழைய கருவியால் செய்கிறவனைச் சும்மா விட்டுவிடுகிறோம்.

2022 மார்ச் மாதம் வேலூரில், இரவில் சார்ஜ் ஏறிக்கொண்டிருந்த மின்சார ஸ்கூட்டர் தீப்பிடித்து, புகையில் சிக்கித் தகப்பனும் மகளும் மாண்டார்கள். அந்தச் செய்தியைப் படித்தவர்கள் பயப்படுவதை நான் கேலி செய்ய மாட்டேன். சித்தப்பாவும் செய்வதில்லை. ஒருநாள் ஒரு வாலிபன் ஸ்கூட்டர் பேட்டரி ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தான். நிறைய பணம் தருவதாகவும் சொன்னான். "இது என் அளவு இல்லை தம்பி. இதைப் பிரிக்கத் தெரிந்தவன் வேறு, இடம் வேறு" என்று திருப்பி அனுப்பிவிட்டார். உப்பிப்போன பேட்டரியை அவர் தொடவே மாட்டார். பழசையும் புதுசையும் ஜோடி சேர்க்க மாட்டார். வேலையில் உட்காருமுன் மோதிரத்தையும் கைக்கடிகாரத்தையும் கழற்றிவிடுவார். தங்கத்துக்கும் மின்சாரத்துக்கும் நல்ல சிநேகம். கண்ணாடி போடாமல் மிதிக்க மாட்டார். பக்கத்தில் எப்போதும் ஒரு வாளி மணல். நாகத் தகட்டைப் பற்றவைத்தால் வரும் வெள்ளைப் புகை குளிர்ஜுரம் கொண்டுவரும் என்பதால் அதைக் கொல்லைக்குத் தள்ளிவிடுவார். பழைய மைக்ரோவேவ் அடுப்பைப் பிரித்து, அதிலிருந்து யந்திரம் செய்து காட்டுகிறேன் என்று ஒரு பையன் வந்தபோது மட்டும் அவர் கோபித்ததை நான் பார்த்தேன். அந்த அடுப்புக்குள் இரண்டாயிரம் வோல்ட் உட்கார்ந்திருக்கிறது. கம்பியைப் பிடுங்கினபிறகும் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருக்கும். தெரியாமல் தொட்டவன் அப்புறம் எதையும் தெரிந்துகொள்ளப் போவதில்லை.

இப்போது சொல்லுங்கள்: ஆபத்தை அறிந்து அளவோடு நடப்பவரா, ஆபத்து என்று ஒரே வார்த்தை சொல்லிவிட்டு, இரவெல்லாம் படுக்கையறையில் போனைச் சார்ஜில் போட்டுத் தூங்குகிற நாமா, யார் எச்சரிக்கையானவர்?

வேலையின் நுணுக்கம் இன்னும் இருக்கிறது. என் அனுபவத்தில் சொல்லுகிறேன். யந்திரத்தை வாங்கிய புதிதில் நான் ஒட்டிய பட்டைகள் அப்பளத்தைப் போலக் கையோடு வந்தன. சூட்டைக் கூட்டினேன்; பட்டையில் ஓட்டை விழுந்தது. நல்லவேளை, பழைய டப்பாத் தகட்டில்தான் பழகிக்கொண்டிருந்தேன். சித்தப்பாவுக்குப் போன் செய்தேன். "பட்டையின் நடுவில் கீறல் போட்டாயா?" என்றார். இல்லை. இரண்டு கோல்களுக்கும் நடுவில் பட்டையைக் கீறிவிட்டால் மின்சாரம் மேலாகவே குறுக்கு வழியில் ஓடிவிடாமல் கீழே இறங்கி ஏறும். "ஒட்டியபிறகு குறட்டால் இழுத்துப் பார். பட்டை கிழிந்து, புள்ளி மட்டும் கீழே ஒட்டிக்கொண்டிருந்தால் நல்ல வேலை. புள்ளியே பெயர்ந்து வந்தால் அது வேலையில்லை, வேஷம்" என்றார். ஸ்பாட் வெல்டிங்கைப் பற்றி மட்டும்தான் சொன்னார். எனக்கு என் பழைய கதைகள் சில ஞாபகம் வந்தன.

கடலோரத்துக்காரர் என்பதால் அவரிடம் இன்னொரு வித்தை இருக்கிறது. சந்தையில் நிக்கல் என்று சொல்லி, நிக்கல் முலாம் பூசிய இரும்புப் பட்டையை விற்கிறார்கள். காந்தத்தை வைத்துக் கண்டுபிடிக்க முடியாது, இரண்டும் ஒட்டும். பட்டையை அரத்தால் ஒரு கீறு கீறி, உப்புத் தண்ணீரில் ஓர் இரவு போட்டுவிட வேண்டும். காலையில் கீறலில் துரு கண்டால் இரும்பு, காணாவிட்டால் நிக்கல். அந்த அம்மாளின் விளக்கில் இருந்தது முலாம் பூசிய இரும்பு. பொங்கலுக்கு வாங்கியது சில மாதத்தில் ஏன் செத்தது என்பது இப்போது விளங்குகிறதல்லவா? உப்பளத்தில் உபயோகப்படும் விளக்குக்கு, உப்புத் தாங்காத பட்டையைப் போட்டு விற்றவன் புத்திசாலி. அதை மாற்றிக் கொடுத்தவருக்குத் தலையெழுத்து சரியில்லை!

விற்கிறவர்களிடம்தான் என் பெரிய சண்டை. திருகாணி இருந்த இடத்தில் பசை வைத்து ஒட்டுகிறார்கள். திறந்தால் உத்தரவாதம் போயிற்று என்று சீட்டு ஒட்டுகிறார்கள். ஒரு பட்டை ஒடிந்தால் பேட்டரியையே மாற்று என்கிறார்கள். பேட்டரி போனால் பண்டத்தையே மாற்று என்கிறார்கள். புறநானூற்றில் ஔவையார் ஒரு பாட்டில் உப்பு வணிகரின் வண்டியைப் பற்றிச் சொல்கிறார். மேடும் பள்ளமுமான வழியில் என்ன நேருமோ என்று, வண்டியின் அடியில் மாற்று அச்சு ஒன்றைக் கட்டிக்கொண்டு போவார்களாம். ஏறக்குறைய இரண்டாயிரம் ஆண்டுக்கு முந்திய உப்பு வண்டிக்கு மாற்று அச்சு இருந்தது. இன்றைக்கு உப்பளத்துப் பெண்ணின் விளக்குக்கு இல்லை. இதற்குப் பெயர் முன்னேற்றமாம்.

சர்க்காரும் விழித்துக்கொள்ளாமல் இல்லை. பழுதுபார்க்கும் உரிமையைப் பற்றி ஆராய மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2022 ஜூலையில் ஒரு குழு அமைத்தது. அந்த ஆண்டு டிசம்பரில் அதற்கென ஓர் இணையவாசலும் திறந்தது. அதே ஆண்டில் வந்த பேட்டரிக் கழிவு விதிகள், உபயோகித்த பேட்டரிகளைத் திரும்பப் பெறும் பொறுப்பை உற்பத்தியாளர் தலையில் வைத்தன. ஐரோப்பியர் 2023இல் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். சிறு சாதனங்களின் பேட்டரியை வாங்கியவரே கழற்றி மாற்றும்படி செய்ய வேண்டும். மின்சார சைக்கிள் போன்றவற்றில் பேட்டரிக்குள் இருக்கும் தனித்தனி செல்லைக்கூட வெளியார் ஒருவர் மாற்றும்படி இருக்க வேண்டும் என்று சட்டம் செய்தார்கள். 2027 பிப்ரவரி 18 அதற்குக் கெடு. அந்தச் சட்டம் நமக்கும் வேண்டும் என்று கேட்க எனக்குக் கூச்சமில்லை. ஆனால் சட்டம் பூட்டைத்தான் திறக்கும். உள்ளே போய் வேலை செய்ய ஒரு கை வேண்டாமா? அந்தக் கையை நாம் வளர்த்திருக்கிறோமா?

கடைசியாக ஒரு குற்றச்சாட்டு பாக்கி இருக்கிறது. "பென்ஷன் வாங்குகிறவர்களும் எழுத்தாளர்களும் பட்டறை வைத்தால், அதையே நம்பிப் பிழைக்கிற தொழிலாளி என்ன ஆவான்?" இதைக் கேட்கிறவர்கள் பெரும்பாலும் தொழிலாளியிடம் ஐந்து ரூபாய்க்குப் பேரம் பேசுகிறவர்கள்தாம் என்பது வேறு விஷயம். தெருமுனைப் பழுதுக்கடைக்காரருக்குப் போட்டி என் சித்தப்பா அல்ல, குப்பைத்தொட்டி. பண்டத்தைப் பழுது பார்க்கலாம் என்ற எண்ணமே ஜனங்களுக்கு இல்லாமல் போனால்தான் அவர் கடை மூடும். நான் என் கைவேலையின் லட்சணத்தைப் பார்த்துக்கொண்டபிறகு பழுதுக்கடையில் பேரம் பேசுவதை விட்டுவிட்டேன். ஒரு புள்ளியைச் சரியாக ஒட்ட எத்தனை புள்ளிகள் கெட்டுப் போக வேண்டும் என்று இப்போது எனக்குத் தெரியும். விரலைச் சுட்டுக்கொண்டவனுக்குத்தான் கூலியின் நியாயம் விளங்கும்.

உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்று குழந்தைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறோம். இட்டவரை நினைக்கிறோம், விளைவித்தவரை நினைப்பதில்லை. கிளியனூரில் தங்கிய அடுத்த நாள் விடியற்காலையில் நான் பஸ் பிடித்து மரக்காணம் போனேன். சாலையோரம் நின்று பார்த்தேன். கிழக்கே இன்னும் வெளுக்கவில்லை. உப்புப் பாத்திகளின் நடுவே எட்டுப் பத்து வெளிச்சப் புள்ளிகள் குனிந்து நிமிர்ந்துகொண்டிருந்தன. அவற்றில் எது அந்த அம்மாளுடையது என்று எனக்குத் தெரியவில்லை. ஆனால் அவற்றில் ஒன்று, முந்தின நாள் மாலை ஒரு கிழவர் காலால் மிதித்த மூன்று 'டிக்'கில் எரிந்துகொண்டிருந்தது என்பது தெரியும்.

என் நண்பர் மறுபடி வந்தால் சொல்லுவேன். ஐயா, நெற்றியில் எழுதியிருக்கிறது என்கிறீர்களே, அந்த எழுத்தை நான் படித்ததில்லை. நெற்றியில் கட்டிய விளக்கைத்தான் பார்த்திருக்கிறேன். அது கெட்டால் திருத்தலாம்.